முதலில் வடிகால்; பிறகே சாலை

நிலக்கரிச் சுரங்கம் என்றதும் நம் மனக்கண் முன் எழுவன எவை? மலைபோல் குவிந்த கரி. வானை அளாவும் எந்திரங்கள். அப்பால் புகைபோக்கியோடு நிற்கும் மின் நிலையம். சுரங்கத்தின் அடிவயிற்றை நோக்கி வளைந்து இறங்கும் மண்சாலையை நினைப்பார் சிலர். அச்சாலையின் ஓரத்தில் ஓடும் வடிகாலை நினைப்பார் ஒருவரும் இலர். ஆயினும், ஒரு சுரங்கம் செம்மையாக நடத்தப்படுகிறதா என்று அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த வடிகாலைத்தான் என்பது என் துணிபு. அது எங்கே தொடங்குகிறது, எதைச் சுமந்து வருகிறது, யாருடைய கழனியில் போய் முடிகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டால், அந்தச் சுரங்கத்தின் குணம் முழுவதும் விளங்கிவிடும்.

கலைக் கல்லூரி மலரில் சுரங்கச் சாலைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பொறியியல் கல்லூரியார் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி அன்றோ இது என்றும் சொல்லலாம். சாலை போடுவது பொறியாளர் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சாலையிலிருந்து வழியும் நீர் பொறியாளர் வீட்டு முற்றத்தில் போய் நிற்பதில்லை. அது ஓடைக்குப் போகிறது. ஓடையிலிருந்து ஏரிக்குப் போகிறது. ஏரியிலிருந்து மதகு வழியே நெல் வயலுக்குப் போகிறது. அந்த வயலை உழுகிறவர் வீட்டுப் பிள்ளைகள்தாம் நம் கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இதைப் பற்றி நாம் பேசுவது மிகையாகாது; பேசாதிருப்பதுதான் குறையாகும்.

இருவகைச் சாலைகள்

திறந்தவெளிச் சுரங்கத்தில் சாலைகள் இருவகைப்படும். கரியையும், அதன்மேல் கிடக்கும் மண்ணையும் ஏற்றிச் செல்லும் டம்பர் வண்டிகள் ஓடுவது சுமைச் சாலை. தொழிலாளர், ஜீப்பு, எண்ணெய் வண்டி, பழுதுபார்க்கும் எந்திரம் முதலியன சென்று வருவது அணுகு சாலை. மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சந்திக்கும் சிங்ரௌலிப் பகுதியில் 100 டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் டம்பர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அங்கே சுமைச் சாலைதான் சுரங்கத்தின் உயிர்நாடி.

நம் நெய்வேலியின் கதை சற்று வேறு. 1930ஆம் ஆண்டுகளில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் வெளிப்பட்டதும், 1956இல் நிறுவனம் பிறந்ததும், 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும், 1961இல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டதும் நாம் அறிந்தவையே. அங்கே மண்ணின் பெரும்பகுதியைச் சக்கர வாளி எந்திரங்கள் வெட்டுகின்றன; கன்வேயர் பெல்ட்டுகள் சுமந்து செல்கின்றன. ஆகவே சிங்ரௌலி அளவுக்குச் சுமைச் சாலை அங்கே தேவைப்படவில்லை. ஆனால் அந்த எந்திரங்களையும் பெல்ட்டுகளையும் பம்புகளையும் அணுகுவதற்குச் சாலைகள் இன்றியமையாதவை. அடைமழையில் அணுகு சாலை சேறானால் பம்பு ஓட்டுநர் பம்பை அடைய முடியாது. பம்பு நின்றால் குழியில் நீர் ஏறும். நீர் ஏறினால் அனைத்தும் நிற்கும். ஆக, பெல்ட் ஓடும் சுரங்கமானாலும், டம்பர் ஓடும் சுரங்கமானாலும், சாலையும் வடிகாலும் பிரிக்க முடியாத இரட்டையர்.

சாலைக்குப் பகை சுமையன்று, நீரே

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 டன் வகை டம்பர் ஒன்று நிறைசுமையோடு நிற்கும்போது ஏறத்தாழ 170 டன் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சின்மீது விழுகிறது. பின்னால் சக்கரங்கள் நான்கு. அப்படியானால் ஒரு சக்கரத்தின் பங்கு 28 டன். நம் நெடுஞ்சாலையில் ஓடும் சாதாரண லாரியின் ஓர் அச்சு முழுவதும் சுமப்பது 10, 11 டன்தான். இவ்வளவு பெரிய சுமையையும் நன்றாக இறுகிய, உலர்ந்த தளம் தாங்கிவிடும். அதே தளம் நீரில் ஊறிவிட்டாலோ, களிமண் குழைந்து, சக்கரம் அழுந்தி, பள்ளம் விழுந்துவிடும். இதனால்தான் சாலைப் பொறியாளர்கள் மண்ணின் தாங்குதிறனைச் சோதிக்கும்போது மாதிரியை 4 நாள் நீரில் ஊறவைத்துச் சோதிக்கிறார்கள். உலர்ந்த நாளின் வலிமையை நம்பி எவரும் சாலை போடுவதில்லை.

சக்கரம் அழுந்தினால் வரும் நட்டம் என்ன? இறுகிய தளத்தில் உருளும்போது வண்டியின் எடையில் 2 விழுக்காடு அளவுக்கு எதிர்ப்பு ஏற்படும். தளம் இளகி, சக்கரம் ஐந்து சென்டிமீட்டர் புதைந்தால் அந்த எதிர்ப்பு 5 விழுக்காடு ஆகிவிடும். சமதளத்தில் இது இரண்டரை மடங்கு இழுப்பு. 16க்கு 1 என்ற ஏற்றத்தில், ஏற்றமே 6.25 விழுக்காட்டு எதிர்ப்பைத் தருகிறது. அதனோடு 2ஐக் கூட்டினால் 8.25, 5ஐக் கூட்டினால் 11.25. அதாவது சேறு நிறைந்த சாலையில் அதே டம்பர் அதே கரியை மேலே கொண்டுவர மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாக உழைக்க வேண்டும். அந்த உழைப்பு டீசலாகக் கரைகிறது. டம்பர் ஓடும் சுரங்கங்களில் மொத்த நடைமுறைச் செலவில் பாதியளவுகூடச் சுமைப் போக்குவரத்துக்கே ஆகிவிடுவது உண்டு என்பதை நினைத்தால், வடிகால் வெட்டுவதைச் செலவு என்று எழுதும் கணக்கர் எவ்வளவு தவறாக எழுதுகிறார் என்பது புரியும்.

டீசலோடு முடிவதில்லை. தேங்கிய நீரின் அடியில் கிடக்கும் கூர்ங்கல் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. நனைந்த ரப்பரோ எளிதில் வெட்டுப்படும். பல இலட்சம் ரூபாய் பெறும் டயர் ஒரு நொடியில் கிழியும். பிரேக் போட்டாலும் நிற்காமல் வழுக்கும் வண்டியைப் பிடித்து நிறுத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது. மழைக்கால இரவில், செங்குத்தான வெட்டுச்சரிவின் விளிம்பில், அந்த வண்டியை ஓட்டுகிறவனும் ஒரு குடும்பத்தின் தலைவன் என்பதை மறக்கலாகாது.

நீர் எவ்வளவு, எங்கிருந்து?

சாலையின்மேல் பெய்யும் மழைதான் சாலையைக் கெடுக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மை. நீரியலார் வழங்கும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1851இல் வகுத்தது. மழையின் செறிவையும், நிலப்பரப்பையும், வழிந்தோடும் பங்கையும் பெருக்கினால் வடிகாலுக்கு வரும் உச்ச நீரோட்டம் கிடைத்துவிடும். பள்ளிக் கணக்குத்தான்.

25 மீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு சுமைச் சாலையை எடுத்துக்கொள்வோம். பரப்பு இரண்டரை ஹெக்டேர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டுகிறது. இறுகிய தளமாதலால் பத்தில் ஒன்பது பங்கு வழிந்தோடும். கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 375 லிட்டர். இனி அச்சாலைக்கு மேற்புறம் 40 ஹெக்டேர் வெறும் மண்மேடு நிற்கிறது என்று கொள்வோம். பெய்வதில் பாதிதான் வழிகிறது என்றாலும், நொடிக்கு 3,300 லிட்டருக்கு மேல் இறங்கி வரும். சாலையின் சொந்த நீரைப்போல ஏறத்தாழ 9 மடங்கு அண்டை வீட்டு நீர்! அதைச் சாலைக்கு வரவிட்ட பின் சாலையோர வடிகாலை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் பயன் சிறிதே. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

ஆகவே சாலை வரைபடத்தில் முதற்கோடு சாலைக்கு உரியதன்று. மேட்டு நீரைச் சாலைக்கு வருமுன்னே மறித்து, வேறு வழியே தூய்மையாகக் கொண்டுபோகும் மறிகாலுக்கு உரியது. சேறு படாத நீரைச் சேறு பட்ட நீரோடு கலக்கவிடாமல் காப்பதே வடிகால் கலையின் முதல் நெறி. நம் ஊர் நீர்க்கட்டியைக் கேட்டால் இதை ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்: மேலே மடையைத் திருப்பாமல் கீழே மண்வெட்டி பிடித்து என்ன பயன்?

சாலையின் உருவம்

இதன் பிறகே சாலையின் உருவத்துக்கு வருகிறோம். அமெரிக்கச் சுரங்கத் துறைக்காகக் காஃப்மன், ஆல்ட் என்னும் இருவர் 1977இல் எழுதிய சுமைச் சாலை வடிவமைப்புக் கையேடு இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. இரு வண்டிகள் எதிரெதிரே செல்லும் சாலைக்கு வண்டியின் அகலத்தைப்போல் மூன்றரை மடங்கு வேண்டும் என்பது அதில் கண்ட விதி. வண்டி 6 மீட்டர் என்றால் சாலை 21 மீட்டர். நம் நாட்டுச் சுரங்கங்களில் 16க்கு 1 என்ற சரிவே நெடுங்காலமாகச் சுமைச் சாலைக்கு வரம்பாகக் கொள்ளப்பட்டு வருகிறது. குறுகிய ஏற்றங்களுக்கே விலக்கு.

சாலையின் குறுக்கே 100க்கு 2 முதல் 4 வரை சாய்மானம் வேண்டும். குறைந்தால் நீர் தேங்கும். மிகுந்தால் மழை நாளில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். நீள்வாட்டச் சரிவு மிகுந்த இடத்தில் நீர் ஓரத்துக்குப் போக விரும்புவதில்லை; சக்கரத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு நேரே கீழே ஓடும். அங்கே கிரேடர் எந்திரம் அடிக்கடி தடத்தை அழித்துச் சமன் செய்யாவிட்டால், ஒரே பருவத்தில் சாலை ஓடையாகிவிடும். ஓர வடிகால் ஒன்றே நெடுந்தொலைவு எல்லா நீரையும் சுமக்கக்கூடாது. குறித்த இடைவெளிகளில் சிறுபாலம் அமைத்து, நீரைச் சாலைக்கு அடியில் மறுபுறம் கடத்திவிட வேண்டும். அது வெளிவரும் வாயில் கருங்கல் பரப்ப வேண்டும். நீரின் வேகம் இரு மடங்கானால் அது மண்ணை அறுக்கும் விசை நான்கு மடங்காகும். கல் பரப்பாத பாலவாய், நாளடைவில் பாலத்தையே விழுங்கும் பள்ளமாகிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். உயரத்தில் செல்லும் சாலையின் விளிம்பில், வண்டி தவறி உருளாதிருக்க, மண்வரப்பு ஒன்று எழுப்புகிறார்கள். உயிர் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் இடைவெளி விடாமல் அவ்வரப்பை எழுப்பினால் அது அணையாகிவிடும். மழைநீர் சாலையிலேயே தேங்கி, எந்த விளிம்பைக் காக்க வரப்பு எழுந்ததோ அந்த விளிம்பையே ஊறவைத்துச் சரித்துவிடும். வண்டி நுழைய முடியாத அளவில், நீர் மட்டும் வெளியேறும் வாய்கள் வேண்டும். காப்பும் வடிகாலும் ஒன்றையொன்று அறிந்து அமைய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை.

கலங்கல் தெளியும் காலம்

சாலையைக் காத்துவிட்டோம், நீரை வெளியேற்றிவிட்டோம். கடமை முடிந்ததா? சுரங்கத்தார் பலர் முடிந்தது என்று எண்ணுவது இங்கேதான். ஊராருக்கோ கதை தொடங்குவது இங்கேதான்.

வெளியேறும் நீரில் மணல், வண்டல், களி மூன்றும் கலந்திருக்கும். அவை அடங்கும் வேகத்தை ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் அதே 1851ஆம் ஆண்டில் வகுத்த விதி கொண்டு நம் இயற்பியல் மாணவர் எவரும் கணக்கிடலாம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல், ஒரு மீட்டர் ஆழ நீரில் இரண்டு நிமிடத்துக்குள் அடியில் தங்கிவிடும். நூற்றில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டலுக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள களித்துகளுக்குப் பத்து நாளுக்கு மேல் வேண்டும். அதுவும் நீர் அசையாது நின்றால்.

இந்த எண்கள் உணர்த்துவது யாது? வாயிலில் வெட்டிய சிறு குழி மணலை மட்டுமே பிடிக்கும். கண்ணுக்குக் கலங்கலாகத் தெரியும் களி நேரே ஏரிக்குச் சென்றுவிடும். அதனைத் தடுக்க ஒரு குளம் போதாது. அடுத்தடுத்து அமைந்த குளங்கள் வேண்டும். நீர் நேரே குறுக்கே பாயாமல் சுற்றிச் செல்லத் தடுப்புகள் வேண்டும். மழைக்கு முன் தூர் எடுக்க வேண்டும். தூர்ந்த குளம், இல்லாத குளத்தைவிடத் தீயது. இல்லாத குளத்தை எவரும் நம்புவதில்லை. தூர்ந்த குளத்தைப் பலரும் நம்பிக் கெடுகிறார்கள். இக்குளங்களில் தெளிந்த நீரையே கோடையில் சாலைப் புழுதி அடக்கத் தெளித்தால், ஊர்க் கிணற்று நீர் மிஞ்சும். ஒரே நீர் இரு பணி செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1966 அக்டோபர் 21ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் சிற்றூரில், ஊற்றின்மேல் கொட்டப்பட்ட நிலக்கரிக் கழிவுமேடு நீரில் ஊறிச் சரிந்து பள்ளியை மூடியது. மாண்டோர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். மண்ணைக் கொட்டியவர்கள் அடியில் ஊற்று இருப்பதைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1972 பிப்ரவரி 26ஆம் நாள் பஃபலோ கிரீக் என்னுமிடத்தில் கரிக்கழிவு அணை உடைந்து 125 பேரை வாரிச் சென்றது. இவ்விரண்டும் சாலை விபத்துகள் அல்ல. ஆனால் சுரங்க மண்ணைக் கையாளுமிடத்தில் நீரின் வழியைக் கேட்காமல் எதையும் வைக்கலாகாது என்ற பாடம் சாலைக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் 1977 ஆகஸ்ட் 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்ட திறந்தவெளிச் சுரங்கச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள் சுரங்கச் சாலைக்குத் தனி இடம் தருகின்றன. முதன்மைச் சாலையின் வடிகால், பத்தாண்டுக்கு ஒருமுறை வரத்தக்க 6 மணி நேர மழையின் உச்ச நீரோட்டத்தையாவது பத்திரமாகக் கடத்த வேண்டும். நீரோடையின் நடுவே, தனி ஒப்புதலின்றி, சாலை செல்லக்கூடாது. அமிலம் உண்டாக்கும் பொருளால் தளம் இடக்கூடாது. தகுதி பெற்ற பொறியாளர் சான்றளிக்க வேண்டும். தேவை முடிந்ததும் சாலையைக் கலைத்து, நிலத்தைச் சமன் செய்து, பயிர்பச்சை வளர்க்க வேண்டும். நம் நாட்டிலும் 2009 முதல் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயமாக்கப்பட்டு, அதற்கான பணத்தை வங்கியில் தனிக்கணக்கில் கட்டிவைக்கும் முறை வந்துள்ளது. வரவேற்கத்தக்க ஏற்பாடு.

ஆனால் பத்தாண்டு மழை என்ற அளவு நமக்குப் போதுமா? பத்தாண்டு மழை என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை தவணை தவறாது வரும் மழை என்று பொருளன்று. எந்த ஓராண்டிலும் வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உள்ள மழை என்றே பொருள். 25 ஆண்டு வாழும் சாலை ஒன்றில் அதைவிடப் பெரிய மழை ஒருமுறையேனும் வந்துவிடும் வாய்ப்பு 93 விழுக்காடு என்று புள்ளியியல் மாணவர் கணக்கிட்டுச் சொல்வார். வரும் என்றே வைத்துக்கொள்ளலாம்! ஐம்பதாண்டு மழைக்கு வடிகால் அமைத்தால் அந்த வாய்ப்பு 40 விழுக்காடாகக் குறையும். நூறாண்டு மழைக்கு அமைத்தால் 22 விழுக்காடு.

கடலூர் மாவட்டத்து மழை சாது மழையன்று. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாட்களில், கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இக்கரையைத்தான் தாக்கியது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது, மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. இத்தகைய மண்ணில் குறைந்த அளவு விதியையே நிறைந்த அளவாகக் கொள்வது அறிவுடைமையாகாது. ஓரிரு ஆண்டில் கலைக்கப்படும் தற்காலிகச் சாலைக்குப் பத்தாண்டு மழை போதும். நெடுங்காலம் நிற்கும் சாலைக்கும், ஊர் ஏரியை நோக்கிச் செல்லும் ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் ஐம்பதாண்டு மழைக்குக் குறையாமல் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

மறுப்பும் விடையும்

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, செலவு. மேலே கண்ட டீசல் கணக்கே இதற்கு விடை. வடிகாலுக்குச் செலவிடாத பணம் மிச்சமாவதில்லை. டயராகவும் டீசலாகவும் நின்றுபோன வேலை நேரமாகவும் வெளியேறுகிறது. வண்டலாக மாறி ஏரியில் படியும் பங்கோ எந்தக் கணக்கிலும் ஏறாமல் உழவன் தலையில் விழுகிறது.

இரண்டாவது, சுரங்கச் சாலை நிலையற்றது என்பது. குழி நகர நகரச் சாலையும் நகரும். அதற்கு இவ்வளவு பாடு ஏன் என்பார்கள். சாலை நகரலாம், ஏரி நகருமா? பரவனாறும் வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆண்டுக்கொரு சாலையிலிருந்து வண்டல் வந்தாலும் அது போய்ச் சேருமிடம் ஒன்றே. சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் பரவனாற்று வழியே பாசனத்துக்கும் பயன்படுகிறது என்பது நல்ல செய்தி. வரும் நீர் வரம்தான். அதனோடு வண்டலும் சேர்ந்து வந்தால் அதே வரம், கொள்ளளவைத் தின்னும் சாபமாகிவிடும். ஏரியில் ஒரு சாண் வண்டல் என்றால் ஆயக்கட்டில் ஒரு சாண் நீர் குறைவு என்றே பொருள்.

மூன்றாவது, இயற்கையை வெல்ல முடியாது என்பது. உண்மை. வெல்ல வேண்டியதில்லை, வழிவிட்டால் போதும். நம் முன்னோர் ஏரிக்குக் கரை கட்டியபோதே கலிங்கும் கட்டினார்கள். பெருமழை வரும் என்பதை ஒப்புக்கொண்டு, அது போகும் வழியையும் தாமே குறித்து வைத்தார்கள். கலிங்கு இல்லாத ஏரியை எந்தக் கிராமத்தானும் ஏரி என்று ஏற்கமாட்டான். வடிகால் இல்லாத சாலையை மட்டும் படித்த நாம் சாலை என்று ஏற்கலாமா?

செய்ய வேண்டுவன

குறை கூறி நின்றுவிடுதல் முறையன்று. செய்யத்தக்க நான்கைச் சொல்கிறேன்.

ஒன்று: சுரங்கச் சாலை எதற்கும் வரைபடம் ஒப்புதல் பெறும்போது, நீர் புறப்படும் இடம் முதல் அது சேரும் ஏரி வரை வடிகால் வரைபடமும் சேர்ந்தே ஒப்புதல் பெற வேண்டும். சுரங்க எல்லைக் கோட்டோடு கோடு நின்றுவிடலாகாது. நீர் அந்த எல்லையை அறியாது.

இரண்டு: 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன் திட்டச் சுருக்கம் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தில் இவ்வடிகால் படம் ஒரு பக்கமாவது இருக்கட்டும். ஊர்ப் பெயரும், ஓடைப் பெயரும், ஏரிப் பெயரும் ஊரார் வழங்கும் சொல்லிலேயே இருக்கட்டும். பத்துப் பக்கம் எழுத்தைவிட அந்த ஒரு படம் ஊராருக்கு மிகுதியாக விளங்கும்.

மூன்று: ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், தெளிகுளங்களும் சிறுபாலங்களும் தூர் எடுக்கப்பட்டனவா என்பதைச் சுரங்க அலுவலரும் பாசன விவசாயிகளும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். குடிமராமத்து என்ற பெயரில் நம் ஊர்கள் அறிந்த முறைதான் இது. வாய்க்காலால் வாழ்கிறவன் வாய்க்காலைப் பார்வையிடுவதில் புதுமை ஒன்றுமில்லை.

நான்கு: இது நம் பங்கு. புவியியல் துறையார் நிலப்படத்தை வைத்துக்கொண்டு ஓடைகளின் போக்கை வரையலாம். வேதியியல் துறையார் மழைக்கு முன்னும் பின்னும் நீரெடுத்து அமிலத்தன்மையையும் கலங்கலையும் அளக்கலாம். கணிதத் துறையார் நான் இங்கே செய்த கணக்குகளைச் செம்மையாகச் செய்து காட்டலாம். பொருளியல் துறையார் தூர்ந்த ஏரியின் ஆயக்கட்டில் விளைச்சல் என்னவாயிற்று என்று விசாரிக்கலாம். தமிழ்த் துறையார் இவற்றை எல்லாம் ஊரார் படிக்கும் தமிழில் எழுதித் தரலாம். இவ்வேலைக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. அளவுகோலும் கண்ணாடிக் குடுவையும் நடக்கும் கால்களும் போதும். ஐந்தாண்டு தொடர்ந்து செய்தால், எந்த அலுவலகமும் ஒதுக்க முடியாத ஆவணம் ஒன்று நம் கல்லூரி நூலகத்தில் இருக்கும்.

நிலக்கரி வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. இரவில் நாம் படிக்கும் விளக்குக்கு அதன் கடன் உண்டு. அதன் விலையை யார் கொடுப்பது என்பதே வினா. மின்சாரம் பெறும் ஊர்கள் அனைத்தும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய விலையை, வடிகாலின் கடைசியில் இருக்கும் ஒரே ஊர் தன் ஏரியைக் கொண்டு கொடுப்பது நீதியாகாது. அந்த அநீதியைத் தடுக்கப் பெரிய போராட்டம் எதுவும் முதலில் தேவையில்லை. சாலை போடுகிறவர் தாளை விரித்ததும், முதற்கோட்டை நீருக்காக இழுக்க வேண்டும், அவ்வளவே. அவ்வாறு இழுக்கப்பட்டதா என்று கேட்கும் பழக்கம் படித்தவர்க்கு வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பட்டதாரிகளை ஆண்டுதோறும் அனுப்பி வைப்பதைவிட ஒரு கலைக் கல்லூரிக்குப் பெருமை தரும் பணி வேறு யாது?